கிணற்றோரம் விட்ட வெள்ளை

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவளை அக்கா என்று சொல்லலாமா என்று சின்ன வயதில் எனக்குச் சந்தேகம். அவள் நாலு வயதோடு நின்றுபோனவள். நான் அவளைத் தாண்டி ஆறாம் வகுப்புக்கே வந்துவிட்டேன். ஆனாலும் வீட்டில் மூத்தவள் அவள்தான். அம்மா என்னைக் கூப்பிட வாயைத் திறந்தால் முதலில் அவள் பெயர்தான் வரும். பாதியில் விழுங்கிவிட்டு என் பெயரைச் சொல்வாள். உயிரோடு இருக்கிற அக்கா என்றால் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடலாம். இவளை என்ன செய்வது?

எங்கள் வீடு மொரப்பூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில், ரோட்டை விட்டுத் தள்ளி, மரவள்ளிக் காட்டுக்குள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கிணறு. அக்கா விழுந்தது அதில்தான். அதன் பிறகுதான் அப்பா அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பினாராம். அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். துவைக்க, மாட்டுக்குக் காட்ட, எல்லாவற்றுக்கும் மோட்டார் போட்டால் தண்ணீர் முன்பக்கத் தொட்டிக்கு வந்துவிடும், அதனால் அம்மாவுக்குக் கிணற்றைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அக்காவின் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. காது குத்தும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் ஒரு நல்ல காரியம் வந்தால், கிணற்றிலோ ஏரியிலோ சொம்பில் தண்ணீர் மொண்டு, பூப்போட்டு, பம்பை அடித்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அம்மா அக்காவுக்கும் அப்படிச் செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பால்குடி மறந்து ரெண்டு வருசம் ஆகாத பிள்ளைக்கு என்ன பூவாடை என்று பங்காளிகள் பேச்சை முடித்துவிட்டார்கள். போட்டோவும் இல்லை, பூசையும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஆனாலும் தெரியும்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அம்மா என்னைப் பார்க்கவேண்டும். சோறு போடும்போதும் தலை வாரும்போதும் பார்க்கத்தான் பார்த்தாள். ஆனால் அந்தப் பார்வை என்மேல் பட்டு, என்னைத் தாண்டி வேறு எங்கோ போய்விடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் சார் வாரத்தில் சில நாள்தான் வருவார். மற்ற நாட்களில் அரூர்ப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம். அந்த வருடம் கோடைக்கு முன்பு, வாட்டர் கலர் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஆளுக்கு ஒரு கலர் ஜெராக்ஸ் கொடுத்தார். யாரோ வெளிநாட்டுக்காரர் நூறு வருசத்துக்கு முன்னால் வரைந்த நிலக்காட்சி. அதைப் பார்த்து அப்படியே வாட்டர் கலரில் போடவேண்டும், நன்றாகப் போட்டவர்களைத் தர்மபுரியில் நடக்கும் போட்டிக்குக் கூட்டிப்போவேன் என்றார்.

படத்தைப் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. மலை ரத்தச் சிவப்பு. வானம் பச்சை. மரமெல்லாம் நீலம். மஞ்சளாக ஒரு பாதை நெளிந்து வந்து, குடித்தவன் மாதிரி சாய்ந்து நிற்கிற ஒரு வீட்டில் முடிந்தது. பாதையின் கீழ்க்கோடியில், படத்தின் வலது மூலையில், கன்னங்கரேலென்று ஒரு தண்ணீர். குளமா கிணறா என்று தெரியாது. மனுசர் யாரும் கிடையாது. எந்த ஊரில் சார் மலை சிவப்பாக இருக்கும் என்று நான்தான் கேட்டேன். இந்த வகை ஓவியர்கள் கண்ணில் பட்டதைப் போடமாட்டார்கள், வயிற்றைக் கலக்குவதைப் போடுவார்கள் என்றார் சார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வித்தைகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். பேப்பரின் நாலு பக்கமும் டேப் ஒட்டிக்கொள். முதலில் வெறும் தண்ணீரால் பேப்பரை நனை. ஈரம் பளபளக்கும்போது பிரஷ்ஷில் கலரைத் தொட்டு விடு, அது தானே ஓடும், நீ ஓட்டாதே. கறுப்பைக் கடைசியில் வை. டப்பாவில் வெள்ளை வில்லை ஒன்று இருக்கிறதே, அதை எப்போது தொடுவது என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு அவர் சொன்னதைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"அதை மறந்துருங்க. வாட்டர் கலர்ல வெள்ளைங்கறது கலரே இல்ல. பேப்பர்ல எந்த எடத்துல நீ கை வெக்காம விடறயோ, அதான் வெள்ளை."

கேட்கச் சுலபமாக இருந்தது. செய்து பார்த்தால்தான் தெரியும். விடவேண்டிய இடத்தில் கலர் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அந்த வித்தை மட்டும் கைக்கு வரவே இல்லை.

வீட்டில் கூடத்துத் தரையில் பேப்பரை வைத்துத்தான் வரைந்தேன். ஒகேனக்கல் தண்ணீர் அப்போதுதான் எங்கள் பக்கத்துக் குழாயில் வர ஆரம்பித்திருந்தது. அதுவரைக்கும் நாங்கள் குடித்ததெல்லாம் உப்புத் தண்ணீர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவிக்கோடு தெரியும், எனக்கும் உண்டு. அதனால் அம்மாவுக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் கோயில் தீர்த்தம் மாதிரி. பிரஷ் கழுவ ஒரு டம்ளர் கேட்டதற்கு, குடிக்கிற தண்ணியில சாயம் கரைக்கிறயா என்று விரட்டிவிட்டாள். தொட்டியில் இருந்த கிணற்றுத் தண்ணீரைத்தான் ஒரு மக்கில் மொண்டு வந்தேன்.

முதல் படம் சுமாராக வந்தது. சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, மலை அடிவாரம் சாணி நிறமாகிவிட்டது. கறுப்பை மட்டும் தாராளமாகத் தண்ணீர் விட்டு வைத்தேன். அது தேங்கி நின்றது. காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் அம்மாவின் குரல் கேட்டு எழுந்தேன். கூட்டுமாறைக் கையில் பிடித்தபடி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அக்காவின் பெயரைச் சொன்னாள். வழக்கம்போலப் பாதியில் விழுங்குவாள், என் பெயர் வரும் என்று பார்த்தேன். முழுப் பெயரையும் சொன்னாள், என் பெயர் வரவில்லை.

கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு உருவம் நின்றது. விரல் உயரம் இருக்கும். உருண்டையாகத் தலை, அதற்குக் கீழே கவுன் மாதிரி விரிந்த ஒன்று, அதற்கும் கீழே குச்சிக்குச்சியாக ரெண்டு கோடு. நான் அங்கே வெள்ளை விடவே இல்லை. விடத்தான் எனக்குத் தெரியாதே. விரலால் தொட்டுப் பார்த்தேன். மாவு மாதிரி நெருநெருவென்று இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். அதைத் தூக்கி அடுப்பில் போடு என்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர்தான், பொழுது சாய்ந்துதான் வந்தார்.

மூலப் படத்தில் இல்லாத ஆள் என் படத்தில் எப்படி நிற்கலாம் என்று எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் எரிச்சல். மறுபடி ஒன்று போட்டேன். காலையில் அதிலும் நின்றாள். இந்தத் தடவை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற மாதிரி இருந்தது. இன்னொன்று போட்டேன். அதிலும் அதே மூலை, அதே தண்ணீரோரம்.

அம்மா ஒரு படத்தையும் கிழிக்க விடவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். வேலைக்கு நடுவில் வந்து வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒருநாள் நான் ஒன்றை வாசலில் காயவைத்தபோது ஓடிவந்து எடுத்துக்கொண்டாள்.

"வெயில்ல வெக்காத கண்ணு. கறுத்துருவா."

சிரிப்பதா ஓடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில் எனக்கு வெளியே பார்ப்பதே மாறிப்போயிருந்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதாலோ என்னவோ, சாயங்காலம் கொல்லைப்பக்கம் நின்றால் எதிரே இருக்கிற மொட்டை மலை நிஜமாகவே சிவந்து தெரிந்தது. புளியமரம் நீலமாக நின்றது. எங்கள் வீட்டைத் தள்ளி நின்று பார்த்தேன். அதுவும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. கிணற்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒற்றையடிப்பாதை மஞ்சளாக நெளிந்து வந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் எங்கள் காட்டுக்கு வந்து போயிருக்கிறார் என்றே தோன்றியது. அதற்கு மேல் நான் கொல்லைப்பக்கம் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு படத்தைச் சுருட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். சார் வெள்ளை இருந்த இடத்தை விரலால் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எந்தத் தண்ணில போட்ட? உப்புக் கரிக்குது பாரு."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு உயிர் வந்தது. கறுப்பில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. காயும்போது தண்ணீர் போய்விடும், உப்புத் தங்கிவிடும், கறுப்புமேல் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் ஏன் அதே மூலை என்று கேட்டேன். உங்கள் வீட்டுத் தரை அந்தப் பக்கம் வாட்டமாக இருக்கும், தண்ணீர் அங்கேதான் வந்து சேரும் என்றார். நல்ல தண்ணீரில் போடு, பேப்பரைச் சமமாக வை, ஒன்றும் வராது என்று சிரித்தார்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா, அது வெறும் உப்புதான்மா, சார் நாக்குல வெச்சுப் பாத்தாரு என்று மூச்சுவாங்கச் சொன்னேன். அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சரி என்றாள். இனி நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று கேட்டேன். திட்டு விழும் என்று நினைத்தால், மக்கை அலமாரியில் வைத்துவிட்டுப் போ, நானே ரொப்பி வைக்கிறேன் என்றாள். அம்மாவுக்குப் படம் வரைவதில் ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மக்கில் தண்ணீர் தயாராக இருந்தது. தரை வாட்டம் தெரியக்கூடாது என்று பேப்பருக்குக் கீழே ஒரு பக்கம் அட்டை கொடுத்துச் சமமாக்கினேன். தண்ணீரைக் கீழே வைத்து நிதானமாகப் போட்டேன். இந்தத் தடவை மலை சாணியாகவில்லை. பச்சை வானத்தில் மஞ்சள் தானாக ஓடிக் கலந்ததைப் பார்த்து எனக்கே கை தட்டத் தோன்றியது. பாதையில் அங்கங்கே பழுப்பு நிழல் வைத்தேன். கறுப்பை வைத்தேன். அம்மா முதல்முறையாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் என்மேல் படும்படி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோசத்தில் எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

காலையில் பார்த்தால் தண்ணீரோரம் யாரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடப்போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் பாதையில் இருந்தாள். கிணற்றை விட்டு ஏறி, மஞ்சள் பாதையின் பழுப்பு நிழலில், சாய்ந்த வீட்டைப் பார்த்து நின்றாள்.

நல்ல தண்ணீர். சமமான பேப்பர். சார் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. பிறகு இது என்ன?

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததே இல்லை.

"பாதி தூரம் வந்துட்டா," என்றாள்.

நான் பயந்துபோனேன். பேய் என்கிற பயம்கூட இல்லை அது. அவள் மீதி தூரமும் வந்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நான் எங்கே போவது? அம்மாவுக்கு இருப்பது ஒரு மடி. என் தட்டு, என் பாய், வாரிவிடும்போது அம்மா கையில் இருக்கிற என் தலை, எல்லாம் அவளுடையதாகிவிடும். மூத்தவளுக்குத்தானே முதல் உரிமை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எதுவும் காதில் விழவில்லை.

அதற்கு மறுநாளோ என்னவோ, மத்தியானத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். நான் மரவள்ளிக் காட்டுக்குள் குறுக்கே புகுந்து வந்தேன். உச்சி வெயில். ஒரு காக்கா குருவிச் சத்தம் இல்லை. கிணற்றடியில் அம்மா நின்றாள்.

அந்தச் சுவரை அம்மா தொட்டு நான் பார்த்ததே கிடையாது. இப்போது அதன்மேல் வயிறு அழுந்தக் குனிந்து, கயிறு கட்டின சொம்பை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்டியது. சொம்பை மேலே தூக்கினாள். தலையில் இருந்த பூவில் கொஞ்சம் கிள்ளி அதில் போட்டாள். பம்பை இல்லை, உறவுக்காரர் இல்லை, புதுத்துணி இல்லை. சொம்பை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பாதையில் வீட்டை நோக்கி நடந்தாள். நடந்துகொண்டே பேசினாள்.

"வா சாமி. வூட்டுக்குப் போலாம். மெதுவா வா. கல்லு இருக்குது, பாத்து வா."

நான் மரவள்ளிச் செடிக்குள் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்குப் பின்னால் பாதையில் யாராவது வருகிறார்களா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. புழுதிதான் இருந்தது. ஆனால் அம்மா நடையைக் குறைத்துக் குறைத்து நடந்த விதம், சின்னக் காலுக்குத் தகுந்த நடை. எனக்காக அவள் அப்படி நடந்ததாக ஞாபகம் இல்லை.

பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அலமாரியில் இருந்த என் மக்கை எடுத்து, சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினாள். பூவை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பயமெல்லாம் போய் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் பக்கத்தில் முழங்கால் படும்படி உட்கார்ந்ததும் அக்காவுக்காகத்தான். என் படம், என் கலர், என் கை, எல்லாம் அவள் வந்து நிற்க ஒரு இடம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுது தீர்த்தேன். அழுது முடிந்ததும் ஒரு யோசனை வந்தது.

மக்கில் இருந்ததைச் செடிக்கு ஊற்றினேன். சமையலறைக் குடத்திலிருந்து நானே நல்ல தண்ணீர் மொண்டுகொண்டேன். புதுப் பேப்பர் ஒட்டினேன். அம்மா படத்தில் எந்த இடத்தைப் பார்ப்பாள் என்று எனக்குத்தான் தெரியுமே. கறுப்புத் தண்ணீரின் ஓரம். அங்கே நான் நிற்பது என்று முடிவு செய்தேன். பென்சிலால் மெலிசாகக் கோடு போட்டுக்கொண்டேன். ரிப்பன் வைத்து மடித்துக் கட்டின ரெட்டைச் சடை, யூனிஃபார்ம் பாவாடை, தோளில் பை. அக்காவுக்குச் சடை போடுகிற அளவுக்கு முடி வளர்ந்திருக்காது. ஆள் மாறிப்போக வழியே இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டைச் சுற்றிக் கறுப்பை ஓட்டினேன். பிரஷ் நுனி கோட்டைத் தொட்டும் தொடாமலும் வந்தது. அதுவரை கைக்கு வராத வித்தை அன்றைக்கு வந்தது. கறுப்புக்கு நடுவில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாமல், பேப்பரின் பளீர் வெள்ளையில் நான் நின்றேன். அப்புறம் போட்டிக்கு வேறு ஒரு பிள்ளையின் படம்தான் போனது, அதை விடுங்கள். அவ்வளவு சுத்தமான வெள்ளையை நான் இன்றுவரை ஒருமுறைகூட விட்டதில்லை. இன்றைக்கு வரைகிற வேலையில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஈரம் காய்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் நேராக மூலைக்குப் போனது. முகம் மலர்ந்தது. பிறகு சடையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"இது யாரு?"

நான்தான்மா என்றேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாள், இப்போதாவது என்னைப் பார்க்கப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சட்டென்று உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தி இழுத்தாள். ஈரக் கறுப்பு என்மேல் ஏறியது. இன்னும் தேய்த்தாள். முந்தானையால் துடைத்தாள். சடை போனது, பை போனது, பாவாடை போனது. பேப்பர் நைந்து திரித்திரியாக வருகிறவரை விடவில்லை.

"அங்க எதுக்குப் போயி நிக்கற? வந்துரு. இந்தப் பக்கம் வந்துரு."

பேப்பரைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். இதைவிட எந்தப் பக்கம் வருவது?

அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கறுப்பு ஒட்டின கையால் இறுக்கிப் பிடித்தபடியே அடுப்படிக்குப் போனாள், அரிசி களைந்தாள், அடுப்பு மூட்டினாள். ஒற்றைக் கையால் எல்லா வேலையும் செய்தாள். வலிக்குதும்மா, விடும்மா என்று நான் எவ்வளவு இழுத்தும் விடவில்லை. மூத்தவளுக்கென்று வைத்திருந்த இடத்தில் கேட்காமல் போய் நின்றதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நான் அழுதுகொண்டே நின்றேன்.